சொல்லை உரசிப் பார்க்கும் கல்வி

கடந்த கோடை விடுமுறையில் தங்கையின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவளுடைய மூத்த மகன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறியிருந்தான். கூடத்து மேசை நிறையக் கல்லூரிகளின் வண்ண விளம்பரத் தாள்கள். ஒன்றில் ‘செயற்கை நுண்ணறிவு’, மற்றொன்றில் ‘பிளாக்செயின்’, மூன்றாவதில் ‘டிஜிட்டல் ஊடகம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். படிப்பை முடிக்கும் முன்பே வேலை வாசலில் வந்து நிற்கும் என்று மூன்றுமே உறுதி கூறின.

தேநீரைக் கொண்டுவந்து வைத்த தங்கை கேட்டாள்: “காக்கா, பணம் கட்ட இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. வாப்பா விட்டுப்போன நிலத்தில் என் பங்கை விற்றுத்தான் இவனைச் சேர்க்கப் போகிறோம். இந்த மூன்றில் எது நிலைக்கும்? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.”

மாதந்தோறும் பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று குடும்பத்தில் ஒரு நினைப்பு உண்டு. உண்மையில் அன்று எனக்கு விடை தெரியவில்லை. “இரண்டு நாள் பொறு, சொல்கிறேன்” என்று கூறிவிட்டுத் திரும்பினேன்.

அந்த இரண்டு நாள்களில் தேடிப் படித்தபோது, இந்த மூன்று துறைகளையும் ஒரே வாழ்நாளில் தொட்ட ஓர் அறிஞரின் கல்விப் பயணம் கண்ணில் பட்டது. அவர் பெயர் அரவிந்த் நாராயணன். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று 2004ஆம் ஆண்டில் பட்டம் பெற்றவர். இப்போது அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அறிவியல் பேராசிரியர். துறைகள் பலவாயினும் அவர் எங்கும் கேட்ட கேள்வி ஒன்றுதான். அந்தக் கேள்வியை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அறிமுகப்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தில் இம்மாதப் பகுதியை அவருக்கு ஒதுக்குகிறேன்.

பெயர் நீக்கப்பட்ட பட்டியல்

2006ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். திரைப்பட வட்டுகளை அஞ்சலில் அனுப்பி வாடகை பெற்றுவந்த நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஒரு போட்டியை அறிவித்தது. வாடிக்கையாளர் ஒருவருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று கணிக்கும் தன்னுடைய முறையை 10 விழுக்காடு மேம்படுத்திக் காட்டுவோருக்கு 10 லட்சம் டாலர் பரிசு! போட்டியாளர்கள் பயிற்சி பெறுவதற்காக, சுமார் 4,80,000 வாடிக்கையாளர்கள் படங்களுக்கு அளித்த 10 கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண்களை அந்நிறுவனம் வெளியிட்டது. பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டோம், எனவே எவருடைய அந்தரங்கத்துக்கும் பங்கம் இல்லை என்றும் கூறிற்று.

அப்போது நாராயணன் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். பரிசுத் தொகைக்காக உலகெங்கும் பலர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வேளையில், அவரும் அவருடைய வழிகாட்டியான விட்டாலி ஷ்மாட்டிகோவும் வேறொரு கணக்கைப் போட்டார்கள். பெயரை நீக்கியதால் ஆள் மறைந்துவிட்டாரா என்பதே அவர்கள் எழுப்பிய வினா.

விடை அதிர்ச்சி தருவதாக இருந்தது. ஒருவர் மதிப்பெண் அளித்த எட்டுப் படங்கள் நமக்குத் தெரிந்தால் போதும். அவற்றுள் இரண்டு முற்றிலும் பிழையாக இருக்கலாம். நாள்களில் இரு வார வேறுபாடு இருக்கலாம். அப்படியிருந்தும் அந்தப் பெருந்திரளில் 99 விழுக்காட்டினரின் பதிவுகளைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று அவர்கள் நிறுவினார்கள். திரைப்படங்களைப் பற்றிப் பொதுமக்கள் தம் பெயரிலேயே கருத்தெழுதும் வேறொரு தளத்துடன் ஒப்பிட்டு, இருவருடைய பதிவுகளை அடையாளமும் கண்டார்கள். இந்த ஆய்வு 2008ஆம் ஆண்டில் முறையாக வெளியாயிற்று.

‘ஒருவர் என்ன படம் பார்த்தார் என்று தெரிந்தால் என்ன கெட்டுவிடும்?’ என்று சிலர் கேட்கக்கூடும். ஒருவர் திரும்பத் திரும்பப் பார்க்கும் படங்களைக் கொண்டு அவருடைய அரசியல் சாய்வை, சமய உணர்வை, உற்றாரிடமும் சொல்லாத மனக்கவலையை ஊகிக்க இயலும் அன்றோ? 2009ஆம் ஆண்டு டிசம்பரில், பெயரை வெளியிட விரும்பாத ஒரு தாய் உள்ளிட்ட வாடிக்கையாளர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். அந்நிறுவனம் நடத்தவிருந்த இரண்டாவது போட்டி 2010ஆம் ஆண்டு மார்ச்சில் கைவிடப்பட்டது.

நம்முடைய வீடுகளில் ‘அமானிதம்’ என்றொரு சொல் புழங்குகிறது. ஊருக்குப் போகும் அண்டை வீட்டார் நகையை நம்மிடம் கொடுத்துவிட்டுப் போனால் அது அமானிதம். நாள்தோறும் நாம் நிறுவனங்களிடம் ஒப்படைக்கும் செய்திகளும் அத்தகையவையே. பிறந்த நாள், கைப்பேசி எண், வாங்கிய மருந்து, பார்த்த காட்சி என ஒவ்வொன்றும் நம்பிக் கொடுத்த பொருள். நகைப்பெட்டியின் மேலிருந்த பெயரை அழித்துவிட்டு அதைத் தெருவில் வைத்தவர், ‘நான் அமானிதத்தைக் காத்தேன்’ என்று சொல்ல முடியுமா?

தோல்வியும் ஒரு பாடம்

2009ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்ற நாராயணன் அடுத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே அவரும் ஜோனதன் மேயர் என்ற ஆய்வாளரும் ஒரு முயற்சியில் ஈடுபட்டார்கள். ‘என்னைப் பின்தொடராதே’ என்று இணையப் பயனர் ஒருவர் ஒரே ஒரு முறை குறித்து வைத்தால், அவர் செல்லும் தளங்களுக்கெல்லாம் அந்த வேண்டுகோள் தானாகச் சென்று சேரும் ஏற்பாடு அது. எளிய ஏற்பாடுதான்; ஆனால் அதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. விளம்பர நிறுவனங்கள் பொருட்படுத்தவில்லை. ஆண்டுக்கணக்கில் பேச்சு நடந்தும் உடன்பாடு எட்டவில்லை. அதற்காக அமைக்கப்பட்ட பன்னாட்டுக் குழு 2019ஆம் ஆண்டு சனவரியில் கலைந்துபோயிற்று.

வேண்டிக் கேட்டுப் பயனில்லை என்றால் என்ன செய்வது? கண்டதைக் கணக்கெடுத்து ஊரறியச் சொல்வது! 2012ஆம் ஆண்டில் பிரின்ஸ்டனில் சேர்ந்த பின் அவருடைய குழு இதைத்தான் செய்தது. மனிதரைப் போலவே இணையத் தளங்களைத் தானே திறந்து பார்க்கும் மென்பொருள் ஒன்றை உருவாக்கினார்கள். ஸ்டீவன் எங்கில்ஹார்ட் என்ற மாணவருடன் நாராயணன் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, 10 லட்சம் தளங்களை இவ்வாறு அளந்து பார்த்தது. நம்மைப் பின்தொடரும் நிரல்கள் எங்கே மிகுதி தெரியுமா? நாம் அறிவு வளரும் என்று நம்பிப் படிக்கும் செய்தித் தளங்களில்தான்! இலவசமாகச் செய்தி தரும் தளங்களுக்கு விளம்பரமே வருவாய். விளம்பரத்துக்கோ வாசிப்பவர் யார் என்று தெரிய வேண்டும். செய்தியை நாம் படிக்கும்போது, நம்மை வேறொருவர் படித்துக்கொண்டிருக்கிறார்.

இல்லத்தரசிகள் அறிந்துகொள்ள வேண்டிய மற்றோர் ஆய்வும் உண்டு. இணைய அங்காடியில் ஒரு துணியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ‘இன்னும் ஐந்து நிமிடத்தில் சலுகை முடிகிறது’ என்று ஒரு கடிகாரம் கீழிறங்கும். ‘இதோ இப்போது ஒருவர் வாங்கினார்’ என்று ஒரு செய்தி எட்டிப் பார்க்கும். மனம் பதறும், விரல் முந்தும். 2019ஆம் ஆண்டில் அருணேஷ் மாத்தூர் என்ற ஆய்வாளரும் நாராயணனும் இன்னும் சிலரும் சேர்ந்து சுமார் 11,000 அங்காடித் தளங்களை ஆராய்ந்தார்கள். வாங்குவோரை நெருக்கியோ ஏய்த்தோ பணிய வைக்கும் உத்திகள் 1,818 இடங்களில் காணப்பட்டன. சில தளங்களில் அந்தக் கடிகாரம் முடிந்த பிறகும் சலுகை அப்படியே இருந்தது. ‘இப்போது வாங்கினார்’ என்ற செய்தி எண்களைக் குலுக்கிப் போட்டுப் புனையப்பட்டதாக இருந்தது. சந்தையில் கூட்டாளியையே வாடிக்கையாளர்போல் நிற்க வைத்து விலை கேட்கச் செய்யும் பழைய தந்திரம் கணிப்பொறிக்குள் குடியேறியிருக்கிறது, அவ்வளவே.

ஊர்க் கணக்கேடும் பிளாக்செயினும்

இனி, தங்கையின் மேசையிலிருந்த இரண்டாவது தாளுக்கு வருவோம். பிளாக்செயின் என்றால் என்ன? ஊர்ப் பொதுநிதிக்கு ஒரு கணக்கேடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதுவரையான கணக்கின் சுருக்கத்தை ஓர் எண்ணாக எழுதி, அந்த எண்ணை அடுத்த பக்கத்தின் தலைப்பில் பெயர்த்து எழுதுகிறோம். முந்தைய பக்கத்தில் எவராவது ஓர் எழுத்தைத் திருத்தினால், அதற்குப் பின்னுள்ள எல்லாப் பக்கங்களின் எண்களும் பொருந்தாமல் போய்விடும். அந்த ஏட்டின் படி ஒன்று ஊரில் பலரிடமும் இருக்கிறது. ஆகவே ஒருவர் தம் படியைத் திருத்தினாலும் பிறர் கண்டுபிடித்துவிடுவார்கள். இதுவே அதன் சாரம்.

2008ஆம் ஆண்டில் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிய கட்டுரையிலிருந்து பிட்காயின் பிறந்தது. அதைச் சிலர் உலகை மாற்ற வந்த அற்புதம் என்றார்கள். சிலர் சூதாட்டம் என்று ஒதுக்கினார்கள். நாராயணன் இரண்டையும் செய்யாமல் அதைப் பாடமாக்கினார். அவரும் நான்கு அறிஞர்களும் சேர்ந்து எழுதிய பாடநூல் 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. இணையவழியாகவும் அந்தப் பாடம் உலக மாணவர்களைச் சென்றடைந்தது.

2017ஆம் ஆண்டில் ஜெரமி கிளார்க் என்பவருடன் அவர் எழுதிய கட்டுரை, இந்த ‘அற்புத’த்தின் மூதாதையரைத் தேடிப் போயிற்று. பிட்காயினின் உறுப்புகள் ஏறக்குறைய அனைத்தும் 1980களிலும் 1990களிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் எழுதப்பட்டவையே என்று அது காட்டிற்று. சான்றாக, ஏட்டுப் பக்கங்களைக் கோக்கும் உத்தியை ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா என்ற இருவர் 1991ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார்கள். கணிப்பொறி ஆவணம் ஒன்று பிற்காலத்தில் திருத்தப்படவில்லை என்று மெய்ப்பிப்பது அவர்கள் நோக்கம். அந்தச் சுருக்க எண்ணை எவரும் மாற்ற முடியாத இடத்தில் வைக்க வேண்டும் அல்லவா? அவர்கள் தேர்ந்த இடம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் சிறு விளம்பரப் பகுதி! 1995ஆம் ஆண்டிலிருந்து வாரந்தோறும் அந்த எண் அங்கே அச்சாயிற்று. வீடுவீடாகச் சென்றுவிட்ட செய்தித்தாளை எவர் திரும்பப் பெற்றுத் திருத்த முடியும்?

பெருமையைக் கூறிய நாராயணன் குறையையும் மறைக்கவில்லை. பிளாக்செயின் முறையில் இணைய முகவரிகளைப் பதிவு செய்யும் நேம்காயின் என்ற திட்டத்தை அவருடைய குழு 2015ஆம் ஆண்டில் ஆராய்ந்தது. பதிவான முகவரிகள் சுமார் 1,20,000. அவற்றுள் பிறகு விற்கலாம் என்று வளைத்துப் போடப்படாமல், உருப்படியான பொருளடக்கத்துடன் பயன்பாட்டில் இருந்தவை எத்தனை? வெறும் 28! மனை வாங்கி வேலி போட்டவர் பலர். வீடு கட்டிக் குடிபுகுந்தவர் மிகச் சிலரே. மக்களுக்கு அது தேவைப்பட்டதா என்ற கேள்வியே எஞ்சுகிறது.

பிட்காயினில் பெயர் வெளிப்படாது என்று நம்பிப் பொருள் வாங்கியவர்களின் நிலை என்ன? பிட்காயினை ஏற்ற 130 வணிகத் தளங்களை 2017ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, 53 தளங்கள் பணம் செலுத்திய விவரத்தைப் பிறருக்குக் கசியவிட்டது தெரிந்தது. கசிந்த ஒரு நூலைப் பிடித்தால் அழியாத அந்த ஏட்டில் ஒருவருடைய ஏனைய வரவுசெலவையும் தேடலாம். பத்தாண்டுக்கு முன் திரைப்படப் பட்டியலில் கண்ட அதே பாடம் இங்கேயும் திரும்ப வந்தது!

மற்றொன்றையும் நாம் மனத்தில் இருத்த வேண்டும். எழுதியதைத் திருத்தாமல் காக்க இந்த ஏட்டால் முடியும். எழுதும்போதே பொய்யை எழுதினால் அதையும் அது பழுதின்றிக் காக்கும். நாணயமான எழுத்தருக்கு எந்த ஏடும் மாற்றாகாது.

கண்ணாடியில் தெரிந்த முகம்

அடுத்தது செயற்கை நுண்ணறிவு. மனிதனுக்கு விருப்பு வெறுப்பு உண்டு, இயந்திரத்துக்கு ஏது? எனவே ஆள் தேர்வு, கடன், தண்டனை ஆகியவற்றை இயந்திரத்திடம் விட்டால் நடுநிலை கிட்டும் என்ற பேச்சு எங்கும் கேட்டது. 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் அய்லின் சாலிஸ்கான், ஜோனா பிரைசன், நாராயணன் ஆகிய மூவர் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தப் பேச்சை உரைகல்லில் இட்டது.

இணையத்திலிருந்து திரட்டப்பட்ட 84,000 கோடிச் சொற்களைப் படித்துப் பொருள் கற்ற இயந்திரத்தை அவர்கள் சோதித்தார்கள். பூக்களின் பெயர்கள் இனிய சொற்களுக்கு அருகிலும், பூச்சிகளின் பெயர்கள் இன்னாத சொற்களுக்கு அருகிலும் இருந்தன. அதில் வியப்பில்லை. பெண்களின் பெயர்கள் குடும்பத்தோடும் ஆண்களின் பெயர்கள் தொழிலோடும் ஒட்டிக்கொண்டிருந்தன. அமெரிக்க வெள்ளையரிடையே வழங்கும் பெயர்கள் இனிய சொற்களின் பக்கம் சாய்ந்தன. கறுப்பினத்தாரின் பெயர்கள் அவ்வாறு சாயவில்லை. எந்தப் பொறியாளரும் இதை வேண்டுமென்று புகுத்தவில்லை. மனிதர் எழுதியதைப் படித்த இயந்திரம் மனிதரின் மனச்சாய்வையும் சேர்த்தே கற்றுக்கொண்டது.

இது நம்மைத் தொடாத செய்தி அன்று. 2021ஆம் ஆண்டில் அபூபக்கர் ஆபித், மஹீன் ஃபாரூக்கி, ஜேம்ஸ் ஸோ ஆகியோர் அன்றிருந்த ஜி.பி.டி.-3 என்ற மொழி இயந்திரத்திடம் ‘இரண்டு முஸ்லிம்கள் நுழைந்தார்கள்’ என்ற பொருளில் தொடங்கும் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து முடிக்கச் சொன்னார்கள். நூறு முறை கேட்டதில் 66 முறை அது வன்முறையைப் புகுத்தி முடித்தது. வேறு சமயத்தாரின் பெயரை இட்டுக் கேட்டபோது அந்த அளவு வெகுவாகக் குறைந்தது. அந்த இயந்திரத்துக்குப் பின் எத்தனையோ புதியவை வந்துவிட்டன. வெளிப்படையான இத்தகைய குறைகளைக் களைய முயற்சிகளும் நடந்துள்ளன. ஆயினும், நம் பிள்ளையின் வேலை விண்ணப்பத்தை நாளை ஓர் இயந்திரம் படிக்கும்போது பெயரைக் கண்டு அது முகம் சுளிக்கிறதா என்று சோதிப்பவர் யார்? அந்த இடத்தில் அமரத் தகுதியுள்ள ஒருவர் நம் வீடுகளிலிருந்தும் வர வேண்டாமா?

எது நியாயம் என்பதை வரையறுப்பதே எளிதன்று என்றும் நாராயணன் கற்பித்தார். கணித நூல்களில் நியாயத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட வரையறைகள் உள்ளன. ஒன்றை நிறைவேற்றினால் மற்றொன்று அடிபடும் என்று 2018ஆம் ஆண்டில் ஒரு விரிவுரையில் விளக்கினார். சோலன் பரோக்காஸ், மோரிட்ஸ் ஹார்ட் ஆகியோருடன் அவர் எழுதிய பாடநூல் 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது.

லேகியம் விற்போர்

2019ஆம் ஆண்டு நவம்பரில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் ஆற்றிய உரை ஒன்று பரவலாகப் பேசப்பட்டது. முற்கால அமெரிக்கச் சந்தைகளில் சகல நோய்க்கும் மருந்து என்று பாம்பெண்ணெய் விற்பார்களாம். நம் ஊர்ச் சந்தைகளில் லேகியம் விற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவு என்ற பெயரில் விற்கப்படுபவற்றுள் இத்தகைய லேகியமும் உண்டு. அதை இனங்காண்பது எப்படி என்பதே அவ்வுரையின் பொருள். தம் மாணவர் சயாஷ் கபூருடன் அதை விரித்து எழுதிய ‘ஏ.ஐ. ஸ்னேக் ஆயில்’ என்ற நூல் 2024ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அவர் எல்லாவற்றையும் போலி என்று சொல்லவில்லை. படத்திலுள்ள முகத்தை அறிவது, பேச்சை எழுத்தாக்குவது, எழுதித் தருவது ஆகியவற்றில் உண்மையான முன்னேற்றம் உண்டு என்கிறார். ஐயத்துக்குரியது, மனிதரின் எதிர்காலத்தைக் கணிக்கிறேன் என்று சொல்லும் வகையே. இன்னார் குற்றம் செய்வார், இன்னார் வேலையில் நிலைக்க மாட்டார் என்று ஆரூடம் கூறும் கருவிகளை அவர் கடுமையாக எதிர்க்கிறார்.

இதற்கு வலுவான ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் 4,000க்கும் மேற்பட்ட குடும்பங்களின் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்து திரட்டிய விவரங்களை, 160 ஆய்வுக் குழுக்களிடம் பிரின்ஸ்டன் சமூகவியலாளர்கள் ஒப்படைத்தார்கள். ஒவ்வொரு குடும்பத்தைப் பற்றியும் ஆயிரக்கணக்கான குறிப்புகள்! அக்குழந்தைகள் பதினைந்து வயதில் படிப்பில் எப்படி இருப்பார்கள், குடும்பம் வறுமையில் இருக்குமா என்றெல்லாம் கணிக்க வேண்டும். 2020ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. மிகச் சிக்கலான இயந்திரங்களும், நான்கே நான்கு விவரங்களைக் கொண்டு போட்ட எளிய கணக்கைவிடச் சிறிதளவே முந்தின. ஒரு குழந்தையின் நாளைய வாழ்வை ஏட்டுக் குறிப்புகளால் அளந்துவிட முடியாது என்பது இதனால் விளங்கும்.

அப்படியானால் ‘எங்கள் கருவி 90 விழுக்காடு சரியாகச் சொல்கிறது’ என்று சிலர் எப்படிக் கூறுகிறார்கள்? கபூரும் நாராயணனும் 2023ஆம் ஆண்டு ஆய்வில் ஒரு காரணத்தைக் காட்டினார்கள். தேர்வுக்கு முன்பே வினாத்தாள் கசிந்துவிட்டால் மாணவன் நூற்றுக்கு நூறு எடுப்பான் அல்லவா? இயந்திரத்துக்கும் அவ்வாறே, சோதிக்க வேண்டிய விடை பயிற்சியின்போதே கசிந்துவிடுகிறது. 17 துறைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 300 ஆய்வுக் கட்டுரைகளை இக்குறை பாதித்திருந்தது. ஏமாற்றும் நோக்கம் இல்லாத ஆய்வாளரும் இதில் சறுக்கியிருக்கிறார்கள்.

2025ஆம் ஆண்டு ஏப்ரலில் இருவரும் எழுதிய நெடுங்கட்டுரை, செயற்கை நுண்ணறிவும் மின்சாரத்தைப் போல ஒரு சாதாரணத் தொழில்நுட்பமே என்றும், அது சமுதாயத்தில் ஊன்றப் பல பத்தாண்டுகள் ஆகும் என்றும் வாதிட்டது. மாற்றம் இதைவிட மிக விரைவாக வரும் என்று மறுக்கும் அறிஞர்களும் உளர். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. அச்சமூட்டுவோரும் ஆசைகாட்டுவோரும் நிறைந்த இடத்தில், அளந்து பேசுகிறவர் ஒருவர் இருப்பதே நமக்குப் பயன்.

தங்கைக்குச் சொன்ன விடை

மூன்றாம் நாள் தங்கை வீட்டுக்குப் போனேன். மருமகனை அருகில் அழைத்து இக்கதையைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டவன், “மாமா, அவர் எந்தப் படிப்பைப் படித்தார்? அதையே நானும் படிக்கிறேனே!” என்றான்.

“பெயரைக் கேட்காதே, தம்பி. அவர் மாணவராக இருந்தபோது பிளாக்செயின் என்றொரு படிப்பே இல்லை. கணிதமும் கணிப்பொறி அறிவியலும் அடித்தளமாக இருந்தன. எந்தத் துறைக்குப் போனாலும் அவர் கேட்டது ஒன்றுதான்: சொல்வதைச் செய்கிறதா? செய்யத் தவறினால் இழப்பவர் யார்? அதை நீயும் கேட்கப் பழகு.”

“யாரிடம் கேட்பது?”

“முதலில் இந்தத் தாள்களிடம்!”

அன்று மாலை அவன் மூன்று கல்லூரிகளுக்கும் கடிதம் எழுதினான். இந்தப் படிப்பை முடித்து வெளியேறியவர்கள் இதுவரை எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் எத்தகைய வேலையில் இருக்கிறார்கள்? முதல் இரண்டாண்டுகளில் கணிதமும் புள்ளியியலும் எத்தனை மணி நேரம்? இவைதாம் கேள்விகள். ஒரு கல்லூரி பதிலே எழுதவில்லை. மற்றொன்று அதே வண்ணத் தாளை மீண்டும் அனுப்பிவைத்தது. மூன்றாவது கல்லூரி மட்டும், ‘இது புதிய பிரிவு, இன்னும் ஒருவரும் படித்து முடிக்கவில்லை’ என்று உண்மையை எழுதியது. அந்த நேர்மையை நான் மெச்சுகிறேன். ஆனால் வாசலில் வந்து நிற்பதாகச் சொன்ன வேலை என்னவாயிற்று?

மருமகன் இப்போது அரசுக் கல்லூரி ஒன்றில் கணிதத்தைத் துணைப்பாடமாகக் கொண்டு கணிப்பொறி அறிவியல் படிக்கிறான். வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசும்போது பாடத்தைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்கிறான். பெரும்பாலானவற்றுக்கு எனக்கு விடை தெரிவதில்லை. மேற்படிப்பின்போது தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று தங்கை தன் நிலத்தை விற்காமல் வைத்திருக்கிறாள்.

பெற்றோரே! பிள்ளைகளின் கல்விக்காகச் சொத்தை விற்பதில் தவறில்லை. நம் முன்னோர் செய்ததுதான். ஆனால் விற்பதற்கு முன் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். கேட்கும் கடிதத்தைப் பிள்ளையின் கையாலேயே எழுதச் செய்யுங்கள். புதிய துறைகள் இனியும் வரும்; இன்று கொட்டை எழுத்தில் உள்ள பெயர்கள் நாளை மாறும். சொன்ன சொல்லை உரசிப் பார்க்கும் பழக்கத்தைப் பெற்ற பிள்ளை எந்தத் துறைக்குச் சென்றாலும் தலைநிமிர்ந்து நிற்கும்.